நீதிபதி பேர்க்கஸ் விட்டுப்போன பெட்டி

"பேனையைத் தாங்கோ, ஜக்கெற்றைத் தாங்கோ, தண்ணிப் போத்திலைத் தாங்கோ, வாய்க்குள்ளை கிடக்கிற சுவிங்கத்தையும் துப்புங்கோ. கட்டுநாயக்கா எயாப்போட்டிலை கூட என்னை இவ்வளவு சோதிக்கேல்லை, பிள்ளை."

தங்கத்துரை இதைச் சொன்னபோது வாசிப்பறையில் இருந்த மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். நிஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணை, இது பழைய காகிதம் வைக்கிற இடம். மெல்லமாக் கதையுங்கோ."

"நானும் பழைய காகிதம்தான். எனக்கு ஒருத்தரும் இவ்வளவு மரியாதை தரேல்லையே."

தங்கத்துரை மட்டக்களப்பார். முப்பது வருடம் ரொறன்ரோவில் ரக்சி ஓட்டியதில் நாக்கில் யாழ்ப்பாணம் ஒட்டிக்கொண்டது. முழங்கால் மக்கர் பண்ணியதும் ரக்சியை விற்றுவிட்டு நிஷாந்தியிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். அஜின்கோர்ட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் நிஷாந்தியின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. பெரும்பாலும் விவாகரத்துக் கேஸ்களும் கள்ள இன்சூரன்ஸ் கேஸ்களும்தான் வரும். இந்த முறை வந்தது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத வகை. காணாமல் போன தகப்பனைத் தேடித் தரும்படி ஒரு மகள் கேட்டிருந்தாள்.

மகளின் பெயர் அட்சயா. அவளுடைய அப்பா சிவநேசன் 2006இல் மாமியாரைக் கூட்டிவரக் கொழும்புக்குப் போனவர். ஒரு வான் வண்டியில் ஏற்றப்பட்டதைக் கண்டதாக ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அதோடு சரி. அந்த விஷயத்தைக் கையில் எடுத்து, கொழும்புத் தூதரகத்தில் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தவர் ஒரே ஒரு வெள்ளைக்காரர். அவர்தான் றோலன்ட் பேர்க்கஸ். அப்போது அவர் செனட்டர். தமிழர் விழா என்றால் அவர் தோளில் பொன்னாடை விழாமல் கூட்டம் கலையாது. அடுத்த வருடம் அவரைச் சமஷ்டி நீதிமன்றத்துக்கு நீதிபதியாக்கினார்கள். நீதிபதி ஆனதும் வாயைப் பூட்டிக்கொண்டார், நீதிபதிகளுக்கு அது கடமை. போன வருடம் கண்ணையும் மூடிவிட்டார். அவருடைய பிள்ளைகள் அப்பாவின் கடிதங்கள், குறிப்புகள், படங்கள் எல்லாவற்றையும் இந்தப் பல்கலைக்கழகக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அட்சயாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். "அப்பா உயிரோடை இருந்தால் வேறை ஒருத்தர் கையாலை என்னைத் தாரை வார்க்க நான் விடமாட்டன், அக்கா. I need to know," என்று அவள் சொன்னபோது கண் கலங்கவில்லை. அதுதான் நிஷாந்தியைச் சுட்டது. அழுது முடித்த பிள்ளைகளையும் அழக் கிடைக்காத பிள்ளைகளையும் அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

காப்பகத்து அலுவலர் அன்ரனெற் ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். குருநகரில் பிறந்தவர், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சொறி, நிஷாந்தி. சிவநேசன் எண்ட பைல் இருக்குது. ஆனால் மூடி வைச்சிருக்கினம். தனியாட்களின்ரை விசயம் இருக்கிறதாலை கனகாலத்துக்குத் திறக்கேலாது."

"எவ்வளவு காலம்?" என்றார் தங்கத்துரை.

"உங்கடை பேரப்பிள்ளை வந்து பாக்கலாம்."

"எனக்குக் கலியாணமே ஆகேல்லையே, பிள்ளை."

"அப்ப இன்னும் கொஞ்சம் கூடக் காலம் எடுக்கும்," என்றார் அன்ரனெற். வண்டியிலிருந்து ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். "திறந்து பாக்கக்கூடியது இதுதான். தமிழ் ஆக்கள் குடுத்த பரிசுகளும் படங்களும். பிளாஷ் இல்லாமல் போனிலை படம் எடுக்கலாம்."

மலையை வெட்டி எலியைப் பிடித்த கதைதான் என்று நிஷாந்தி நினைத்தாள். பெட்டியைத் திறந்தால் நாலு பொன்னாடை, பித்தளையில் ஒரு யாழ், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாழ்த்துப் பா. அந்தப் பாவில் பேர்க்கஸை இமயமலைக்கும் இந்து சமுத்திரத்துக்கும் ஒப்பிட்டிருந்தார்கள்.

"மனுசனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாப் போச்சு," என்றார் தங்கத்துரை. "தெரிஞ்சிருந்தால் வெக்கத்திலை அண்டைக்கே பதவியை விட்டிருப்பார்."

அடியில் ஒரு கட்டுப் படம் இருந்தது. எல்லாம் ஒரே சங்கத்தின் விழாக்கள். நிஷாந்தி ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள். ஒரே ஆள் எல்லாப் படத்திலும் முன்னுக்கு நின்றார். சங்கத்தின் செயலாளர் மகேஸ்வரன். காணாமல் போன சிவநேசனின் சொந்தத் தம்பி, அட்சயாவைத் தூக்கி வளர்த்த சித்தப்பா. மாலை போடும் கை அவருடையது, விளக்கேற்ற மெழுகுதிரி நீட்டும் கை அவருடையது. மேலுதட்டை மூடிய கறுத்த மீசை. நிஷாந்தி முந்தநாள்தான் அவரைச் சந்தித்திருந்தாள். மீசை இப்போது நரைத்துப் போயிருந்தது, ஆனால் அடர்த்தி குறையவில்லை. "அண்ணை எங்கையோ இருக்கிறார், பிள்ளை. வருவார். அதுவரைக்கும் அவருக்குப் பதிலா நான் தாரை வார்ப்பன்," என்று அவர் சொல்லியிருந்தார்.

கடைசிக் கட்டு 2007. பேர்க்கஸ் நீதிபதியாவதற்கு முன் சங்கம் கொடுத்த பிரியாவிடை. மேடைப் பதாகையில் வருடமும் மாதமும் கொட்டை எழுத்தில் இருந்தன. நிஷாந்தி ஒரு படத்தைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், திரும்ப முதலாவதுக்கு வந்தாள்.

"அண்ணை, மகேஸ்வரன் அங்கிளை இதிலை கண்டுபிடியுங்கோ."

தங்கத்துரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "ஆளைக் காணேல்லை. படத்துக்கு நிக்காட்டில் உவருக்குச் சோறு செமிக்காதே."

"நிக்கிறார். தூணுக்குப் பக்கத்திலை, கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு."

அவர் குனிந்து பார்த்தார். பகிடி விடத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. தூணோரம் நின்ற மனிதருக்கு மீசை இல்லை. தலைமயிரும் ஒட்ட வழிக்கப்பட்டு அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. முன்னால் குத்துவிளக்கு எரிகிறது, செனட்டருக்கு வேறு யாரோ மாலை போடுகிறார்கள். செயலாளர் விளக்குக்குக் கிட்டவும் வரவில்லை.

"துடக்கு," என்றாள் நிஷாந்தி.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் ஒரு ஆண் மீசையையும் தலையையும் வழிப்பது செத்தவீட்டுக் கிரியை செய்தவன் என்பதற்கு அடையாளம். முப்பத்தோராம் நாள் வரை துடக்கு என்ற சாவுத் தீட்டு, மங்கல விளக்கைத் தொடக்கூடாது. விழாவுக்கு வராமலே நின்றிருந்தால் ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். வந்தால் விளக்கேற்றக் கூப்பிடுவார்கள். அந்த மனிதர் வந்து, தூணோரம் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

"தகப்பனாராக இருக்கும்," என்றார் தங்கத்துரை. அவர் அப்படி இருக்கவேண்டும் என்று விரும்பியது குரலில் தெரிந்தது.

"தகப்பன் இவையள் பள்ளிக்கூடம் போகேக்கையே மோசம் போயிட்டார். தாய் செத்தது ஆறு வருசத்துக்கு முன்னம், ஸ்காபரோவிலை. வேறை சகோதரம் இல்லை. சிவநேசனுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை, அட்சயா மட்டும்தான். ஆம்பிளைப் பிள்ளை இல்லாதவனுக்கு ஆர் கிரியை செய்யிறது?"

"தம்பி," என்றார் தங்கத்துரை. படங்களைத் தானே அடுக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அன்ரனெற்றிடம் ஜக்கெற்றைத் திரும்ப வாங்கப் போனார்.

மகேஸ்வரன் கலியாண மணவறை வாடகைக்கு விடுபவர். மார்க்கம் நகரில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் அவருடைய களஞ்சியம். உள்ளே பிளாஸ்ரிக் தூண்கள், துணி வாழைமரங்கள், மூக்கு உடைந்த இரண்டு யானைகள். நடுவில் ஒரு புது மணவறைக்குத் தன் கையாலேயே தங்கப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். அது அட்சயாவுக்கு என்று கேட்காமலே தெரிந்தது.

"வாங்கோ பிள்ளை. ஏதும் புதினமோ?"

நிஷாந்தி போனை நீட்டினாள். "அங்கிள், இந்தப் படத்திலை உங்கடை மீசை எங்கை?"

அவர் பார்த்தார். தூரிகையிலிருந்து தங்கம் சொட்டி சப்பாத்தில் விழுந்தது.

"அது... அப்ப தோலிலை ஒரு அலேர்ஜி."

"தலையிலையுமோ?" என்றார் தங்கத்துரை. "நான் முப்பது வருசம் ரக்சி ஓடினனான். அலேர்ஜிக்கு மொட்டை அடிச்ச யாழ்ப்பாணத்தானை ஒருக்காலும் ஏத்தினதில்லை."

"விளக்குக்குக் கிட்ட ஏன் போகேல்லை, அங்கிள்? அதுவும் அலேர்ஜியோ?"

மகேஸ்வரன் மணவறைப் படியில் உட்கார்ந்தார். உட்காரத் தெரியாதவரைப் போல மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். பொய் சொல்லிக் களைத்த முகம் எப்படி இருக்கும் என்று நிஷாந்தி பல கேஸில் பார்த்திருக்கிறாள். இது அதைவிட மோசம், ஆறுதல் அடைந்த முகம்.

"செனட்டர்தான் கூப்பிட்டுச் சொன்னவர். அண்ணையின்ரை உடம்பை ஒரு ஆத்தங்கரையிலை எடுத்து, ஆரெண்டு தெரியாமல் அங்கேயே மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டினமாம். படம் காட்டினார். முகத்திலை, நாடியிலை தழும்பு. நான் சின்னனிலை கல்லாலை எறிஞ்ச தழும்பு, பிள்ளை. எனக்கு வேறை அடையாளம் தேவைப்படேல்லை."

"ஏன் வீட்டிலை சொல்லேல்லை?"

"போகமாட்டன் எண்டு நிண்டவரை அழுது அனுப்பினது அண்ணி. தன்ரை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. அந்த நேரம் அண்ணி சாப்பாடில்லை, நித்திரையில்லை, நித்திரைக் குளிசை வேறை சேத்து வைச்சிருந்தவ. சொல்லியிருந்தால் அடுத்த செத்தவீடு அவதான். இந்தச் சின்னனை ஆர் பாக்கிறது? கொஞ்சம் தேறட்டும் எண்டு செனட்டரிட்டைக் கெஞ்சினன். அவர் ஓம் எண்டார். பேந்து அவர் நீதிபதியாப் போயிட்டார். கொஞ்சம் எண்டது வருசமாப் போச்சு. வருசம் போகப்போகச் சொல்ல ஏலாமல் போச்சு."

"ஆனால் கிரியை செய்தனியள்."

"அண்ணையின்ரை ஆத்மா அந்தரிக்க விடேலுமே?" அவர் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் தங்கமானது. "ஐயரின்ரை காலிலை விழுந்து கேட்டு, விடியக்காலமை ஏரிக்கரையிலை நானும் அவரும் மட்டும் நிண்டு செய்தது. சனத்துக்கு அலேர்ஜி எண்டன், மயிர் முளைக்கும் வரைக்கும் அண்ணி வீட்டுப் பக்கம் போகேல்லை. பிள்ளை, அண்ணிக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சால் இப்பவும் தாங்கமாட்டா. கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் உண்மையாகவே கும்பிட்டார். நிஷாந்திக்கு அவர்மேல் கோபம் வரவேண்டியது வரவில்லை, அதனால் தன்மேல் கோபம் வந்தது. ஒன்றும் வாக்குக் கொடுக்காமல் வெளியே வந்தாள்.

காரில் தங்கத்துரை சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"ஒரு சந்தேகம், பிள்ளை. மொட்டைத் தலையோடை உவர் சங்கத்துக்குப் போனவர், கடைக்குப் போனவர், சரி. ஊர்ச்சனம் ஆரோ தூரத்துச் சொந்தம் எண்டு நினைச்சிருக்கும். ஆனால் அந்த வீட்டிலை செத்தது ஆர், சாகாதது ஆர் எண்டு தெரிஞ்ச ஒரு ஆள் இருக்குதே?"

நிஷாந்தி அவரைப் பார்த்தாள். பிறகு அவசரமாகப் போனை எடுத்தாள். இவ்வளவு நேரமும் அவள் தூணோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் விளக்கைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள்.

செனட்டர் யாருடைய கணவனுக்காக ஓடித் திரிந்தாரோ, அந்தப் பெண்ணைச் சங்கம் விளக்கேற்ற அழைத்திருந்தது. முதல் படத்தில் அட்சயாவின் அம்மா பேபி மெழுகுதிரியை வாங்குகிறார், முகத்தில் சங்கடமான ஒரு சிரிப்பு. இரண்டாவது படத்தில் எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள், பேபி மட்டும் தூணைப் பார்க்கிறார். மெழுகுதிரி கையில் சரிந்து நிற்கிறது. மூன்றாவது படத்தில் அதே மெழுகுதிரி பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில். பேபி படத்திலேயே இல்லை.

"அண்ணை, காரை எடுங்கோ," என்றாள் நிஷாந்தி.

பேபி அன்ரியின் வீடு அஜின்கோர்ட்டில், கலியாணத்துக்காகப் புதிதாகப் பெயின்ற் அடித்த மணத்தோடு இருந்தது. வாற கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. மேசை முழுவதும் பயத்தம் பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது. பேபி அன்ரி இருவரையும் உட்கார வைத்து, கேட்காமலே ஆளுக்கு இரண்டு பணியாரம் வைத்தார். நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. தங்கத்துரை பணியாரத்தைப் பார்த்தார், எடுக்கவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

நிஷாந்தி சுற்றி வளைக்கவில்லை. மூன்று படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினாள். மூன்றாவது வந்தபோது பேபி அன்ரி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"மகேசு என்ன சொன்னவன்?"

"உங்களுக்குத் தெரியாது எண்டு."

"பாவம்," என்றார் பேபி அன்ரி. "என்னைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சுக்கொண்டு பதினெட்டு வருசம் இந்த வாசல்படி ஏறி இறங்கினவன். ஒவ்வொருநாளும் வந்து, அண்ணைக்கு ஒரு தகவல் வரும் அண்ணி எண்டுவான். ஓமடாப்பா எண்டுவன். தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன். அவனும் குடிச்சிட்டுப் போவான்."

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையோ, அன்ரி?"

"கேட்டால் சொல்லுவான், பிள்ளை." அவருடைய குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "போகமாட்டன் எண்டவர். என்ரை அம்மாவைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுவன் எண்டு அழுது, சண்டை பிடிச்சு, நான்தான் பிளேனிலை ஏத்தினனான். அம்மா பேந்து தனியவே வந்து சேந்தா. அவன் வாயைத் திறந்து சொல்லாத வரைக்கும் அவர் வரேல்லை, அவ்வளவுதான். சொல்லிப்போட்டான் எண்டால் அவரைச் சாகடிச்சது நான்."

தங்கத்துரை எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். பகிடி சொல்லத் தெரியாத நேரத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

"அட்சயாவுக்கு என்ன சொல்லி வளத்தனியள்?"

"வருவார் எண்டு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கிலை ஒரு துண்டு வெட்டி அப்பாவுக்கு எண்டு பிரிட்ஜிலை வைப்பாள். ராவிலை நான் எடுத்துச் சாப்பிடுவன். விடியக் கேட்டால், அப்பா கனவிலை வந்து சாப்பிட்டிட்டுப் போனார் எண்டுவன். சின்னனிலை நம்பினவள்." அவர் ஒரு பணியாரத்தை எடுத்து, உடைந்த விளிம்பைத் தட்டிச் சரி செய்தார். "பிள்ளை, கலியாணம் முடியட்டும். பெட்டியைப் பாத்தன், ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே, பைல் மூடித்தானே கிடக்குது."

நிஷாந்தி யோசித்தாள். உண்மையைச் சொல்வது நல்லது என்று புத்தகத்தில் எழுதலாம். இந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைப்பது லேசில்லை. ஆனால் கூலிக்காகத் துப்பறிகிறவளுக்கும் ஒரு தர்மம் உண்டு. பதில் கேட்டவருக்குத்தான் சொந்தம்.

"அன்ரி, அவ மணவறையிலை இருந்துகொண்டு வாசலைத்தான் பாத்துக்கொண்டிருப்பா. ஐயர் மந்திரம் சொல்லுவார், மாப்பிள்ளை பக்கத்திலை இருப்பார். இவ வாசலைப் பாப்பா. கலியாணம் முடிஞ்ச பிறகும் பாப்பா. உங்களுக்குப் பிறகும் பாப்பா."

அதற்குள் கவிழ்ந்து கிடந்த போன் மேசையில் அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தாள் நிஷாந்தி. அட்சயா.

வெட்டிவிடலாம். பிறகு எடுக்கலாம். நிஷாந்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, did you get the box? ஏதாவது இருந்ததா? நான் lunchல இருக்கிறன், சொல்லுங்கோ. He's alive, right? Just say it."

அந்தக் கடைசிச் சொற்களில் இருந்த நம்பிக்கையைக் கேட்டுத் தங்கத்துரை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அட்சயா, நான் உங்கடை வீட்டிலை இருக்கிறன்," என்றாள் நிஷாந்தி. "அம்மா பக்கத்திலை இருக்கிறா. அம்மாவோடை கதையும்." போனை மேசையின் குறுக்கே தள்ளிவிட்டாள்.

"அம்மா? அம்மா, what's going on?"

பேபி அன்ரி போனைத் தொடவில்லை. எண்ணெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார், இன்னொருமுறை துடைத்தார். நிஷாந்தி வாயைத் திறக்கப் போனாள். பேபி அன்ரி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"பிள்ளை, வேலையை விட்டிட்டு வீட்டை வா," என்றார். "சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்பாவுக்கு நாங்கள் இன்னும் அழேல்லை."

மறுமுனையில் யாரோ சிரிப்பதும் கோப்பைகள் மோதுவதும் கேட்டன. அட்சயா பேசியபோது இங்கிலீஷ் முழுவதும் உதிர்ந்து போயிருந்தது.

"எப்ப, அம்மா?"

இருக்கிறாரா இல்லையா என்பதற்குப் பதில் சொல்லத் துணிந்த பெண்மணி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நிஷாந்தியும் எதிர்பார்க்கவில்லை. பேபி அன்ரியின் உதடு இரண்டு தடவை அசைந்தது. இன்றைக்குத்தான் தெரியும் என்று பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் மிச்சம் இருந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"உனக்கு ஆறு வயசிலை," என்றார்.